நீலவேணியின் கல்யாணம்

கல்யாணம் என்று சொல்லித்தான் லீவு கேட்டோம்.
பெரட்டுக் களத்தில் பனி இன்னும் எழும்பவில்லை.
யாருக்கு என்றார் கணக்கப்பிள்ளை.
சித்தி மகளுக்கு என்றாள் ஜெசிந்தா.
பெரியம்மா மகளுக்கு என்றேன் நான்,
அதே மூச்சில்.
அவர் பென்சிலை நக்கி
நாலு பெயருக்கு நேரே கோடு இழுத்தார்.
ரெண்டு நாள் பேர் இல்லை.
அவ்வளவுதான், வேறொன்றும் இடியவில்லை.

ரிஸ்மியின் வேனில் பின்சீட் கிழிந்திருந்தது.
பசறை டவுனில் டீசல், கடலைப் பொட்டலம்,
திலகவதி முகர்ந்துகொண்டு வர ஒரு தேசிக்காய்.
வளைவுகள் குறையக் குறைய
ஒவ்வொருத்தியாக ஸ்வெட்டரைக் கழற்றினோம்.
மொனராகலையில் நான்.
சியம்பலாண்டுவையில் யோகேஸ்.
திலகவதி பொத்துவில் வரைக்கும் கழற்றவில்லை,
உள்ளே இருந்த சட்டைக்குக் கை இல்லை.

கடல் முதலில் தெரியவில்லை, சத்தம்தான்.
ஃபெக்டரி ஓடுதுடி என்றாள் யோகேஸ்.
உண்மையில் அப்படித்தான் இருந்தது,
கொழுந்து வாட்டும் காற்றாடிகளை
யாரோ நிறுத்த மறந்துபோன மாதிரி.

ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும்
நின்று பழகிய உடம்பு
சமமான மணலில் ஒரு பக்கம் சாய்ந்தது.
எங்கே பார்த்தாலும் சரிவில்லை.
ஒரு பெரிய மலையை யாரோ
படுக்க வைத்திருந்தார்கள்.

தண்ணீரை விட்டு ஏறியதும்
நாலு பேரும் ஒன்றாகக் குனிந்து
விரலிடுக்கைப் பார்த்தோம்.
அலைப்பலகையோடு போன வெள்ளைக்காரன்
பயந்துபோய்த் தானும் குனிந்து
தன் காலைப் பார்த்தான்.
அட்டைடா, அட்டை, என்று ஜெசிந்தா
அவனுக்குத் தமிழிலேயே விளக்கினாள்.
இவ்வளவு உப்பிருக்கும் ஊருக்கு
எந்த அட்டை வரும்
என்று பிறகுதான் எங்களுக்கே உறைத்தது.
சிரித்துச் சிரித்து
வாயெல்லாம் கடல்.

இரவு, கரையேற்றிய தோணியில் முதுகு சாய்த்து
சோற்றுப் பொதியைப் பிரித்தோம். சூரை மீன், பருப்பு,
கல் கடிக்கிற கீரை.
ஜெசிந்தா கொஞ்ச நேரம் அழுதாள்.
ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.
அதற்காகவும்தான் வந்திருந்தாள் போல.
டோர்ச் வெளிச்சத்தில்
தோணியின் பெயரை எழுத்துக்கூட்டினேன்,
நீல எழுத்து, பாதி உப்பு தின்றது:
நீலவேணி.

திங்கட்கிழமை. அதே பனி.
மூக்கில் தோல் உரிந்து நின்ற நாலு பேரை
மேலும் கீழும் பார்த்தார் கணக்கப்பிள்ளை.
கல்யாணத்துக்குப் பந்தலே போடலையா?
பொண்ணு பேரு என்ன?
நான் சொன்னேன்.
யோசிக்கவே இல்லை.
போனது ரெண்டு பேர், வந்தது ஒரு பேர்.

அதன்பிறகு அவள் லயத்தில் நடமாடத் தொடங்கினாள்.
பீலிக்கரையில் அவளுக்கு எத்தனை பவுன் என்றார்கள்.
மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை என்று
திலகவதி வாய்தவறிச் சொல்ல,
அடுத்த காம்பராவுக்குப் போவதற்குள்
அது ரெண்டு கடையானது.
எனக்கே ஒரு நாள் அவள் முகம் தெரிந்தது,
கழுத்தில் மாலையோடு,
காலில் மணலோடு.

அப்புறம்தான் தெய்வானை அக்கா வந்தாள்.
அந்த ஏழாம் நம்பர் மலையில்
முப்பது வருசமாக எங்களுக்கு முன் நிரையில் நிற்பவள்.
இடுப்புச் சுருக்கிலிருந்து ஒரு ஐந்நூறை எடுத்து
நாலாக மடித்து என் கையில் வைத்தாள்.
நீலவேணிக்கு மொய், சேத்துருங்க.

வாங்க முடியவில்லை, திருப்பித் தரவும் வாய் வரவில்லை.
கூடைக் கயிறு நெற்றியில் அழுத்த
தேயிலைக்குள் அப்படியே நின்றேன்.
அக்கா எட்டி என் மூக்கில்
உரிந்து தொங்கிய தோலை
கொழுந்து கிள்ளுகிற மாதிரி கிள்ளி எடுத்தாள்.
கையோடு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு இன்னும் போகல, என்றாள்.
பிறகு நிரைக்குத் திரும்பி, செடியைப் பார்த்தபடியே,
அடுத்த கல்யாணத்துக்கு
வேனுக்கு அது போதுமாடி?